சவரிநாதன் பார்த்துக் கொடுத்த மெஷின்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பழைய மெஷின் வாங்கி விற்கிறவர்களிடம் சவரிநாதன் பெயரைச் சொன்னால், உடனே அவருடைய ஐந்து ரூபாய் நாணயத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். வெளிநாட்டில் ஓடி ஓய்ந்த மெஷின்கள் கன்டெய்னரில் வந்து திருவொற்றியூர், மணலிப் பக்கத்து யார்டுகளில் வரிசையாக நிற்கும். பிஸ்கட் பொட்டலம் போடுகிற மெஷின், முட்டை தரம் பிரிக்கிற மெஷின், எதற்கென்றே யாருக்கும் தெரியாத மெஷின். இதில் எது உருப்படி, எது காயலான் கடைக்குப் போக வேண்டியது என்று வாங்குகிறவர்களுக்காகப் பார்த்துச் சொல்வது சவரிநாதன் வேலை. துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்து வேலையை விட்ட பிறகு, பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்துவந்தார்.

பஸ்ஸில்தான் வருவார். கையில் ஒரு தகரப் பெட்டி. அதில் ஒரு டார்ச், ஒரு நீள ஸ்குரூ டிரைவர், ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு ஐந்து ரூபாய் நாணயம். மெஷின் ஓடும்போது ஸ்குரூ டிரைவரின் முனையை பேரிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். ஓடுகிற மெஷின் மேல் நாணயத்தை நிமிர்த்தி வைப்பார். விழுந்தால் மெஷின் ஆடுகிறது என்று அர்த்தம். யார்டுக்காரன் டீ வாங்கிக் கொடுத்தால் தொட மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிடிவாதம் உண்டு. காலியாக ஓட்டிக் காட்டினால் பார்க்கவே மாட்டார். எந்தச் சரக்குக்கான மெஷினோ அந்தச் சரக்கைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும்.

தேறினால், அதே நாணயத்தை மெஷினின் கதவுக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடுவார். தேறவில்லை என்றால் நாணயம் சட்டைப்பைக்குப் போகும், அவர் கேட்டைப் பார்த்து நடப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். விற்கிறவன் முகம் சுண்டக் கூடாதாம். ஒட்டிய நாணயத்தைத் திரும்ப எடுக்க வேண்டிய நிலைமை அதுவரை அவருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. விற்கிறவனிடம் கை நீட்டியதும் இல்லை.

அப்படிப்பட்ட மனுஷரை டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கத்தில், பட்டப்பகலில், பத்துப் பேர் முன்னால் நிறுத்தித் திருடன் என்று சொன்னவள் நான். அது எப்படி நடந்தது என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் கார்குழலி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னே போகும், புத்தி அப்புறம்தான் வரும். டோல்கேட் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய குடோனை வாடகைக்குப் பிடித்து, எங்கள் பிளாக்குப் பெண்கள் ஒன்பது பேரை வைத்து ரோஜாக் கட்டு போடுகிறேன். ஓசூரிலிருந்து நீளக் காம்பு ரோஜா லாரியில் மாதவரம் வந்து இறங்கும். நாங்கள் எடுத்துவந்து, காம்பின் நீளம் பார்த்து, மொட்டு பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அடியைச் சமமாக வெட்டி, கல்யாண மண்டபம் அலங்காரம் பண்ணுகிறவர்களுக்குக் கொடுப்போம். சொல்வதற்குச் சுலபம். எங்களில் மூத்தவளான பூவம்மாவுக்குக் காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை விட்டு எடுத்த பிறகுதான் கத்தரிக்கோலைப் பிடிப்பாள்.

பக்தவச்சலம் என்று ஒரு அலங்காரக்காரர். பெரிய மண்டபங்கள் எல்லாம் அவர் கையில். போன வருடம் ஆடி மாதம் என்னைக் கூப்பிட்டு, ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்குத் தினமும் மூவாயிரம் ரோஜா வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேண்டும், ஒரே நீளத்தில் வேண்டும் என்றார். கையால் கட்டினால் எங்களால் ஆயிரத்து இருநூறைத் தாண்ட முடியாது. மெஷின் இருந்தால் சீசன் முழுக்க உனக்கு, இல்லையென்றால் கோயம்பேட்டுக்காரனுக்கு என்று சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் குடோனை மூட வேண்டியதுதான். ஒன்பது பேரும் பழையபடி வீட்டு வேலைக்குப் போக வேண்டும். புது மெஷின் எல்லாம் எங்களால் தொட முடிகிற விஷயமில்லை. பழசுதான். பூவம்மாதான் சவரிநாதனைப் பற்றிச் சொன்னாள்.

முதலில் மணலியில் ஒரு மெஷின் பார்த்தோம். பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. நான் மயங்கிப் போனேன். சவரிநாதன் கட்டை விரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். பச்சைக்குக் கீழே இன்னொரு பெயின்ட், அதற்குக் கீழே துரு. நாணயம் பைக்குப் போனது. இரண்டாவது, அத்திப்பட்டில். நல்ல மெஷின்தான், ஆனால் அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் திறந்த ஷெட்டில் கிடந்திருக்கிறது. ஸ்குரூ டிரைவரை என் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே மணல் அரைகிற மாதிரி ஒரு சத்தம். நிலக்கரிச் சாம்பல். அதுவும் போனது. எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஆள் கடைசிவரை எதற்கும் தலையாட்டப் போவதில்லை என்று பூவம்மாவிடம் புலம்பினேன்.

மூன்றாவது மெஷின் திருவொற்றியூரில் பெனிட்டோவின் யார்டில் இருந்தது. ஹாலந்து நாட்டு மெஷின். இரண்டு ரப்பர் பட்டைகள் ரோஜாக் காம்பை நடுவில் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். வழியில் நீளம் அளந்து, அந்தந்த நீளத்துக்கான தட்டில் தள்ளும். இருபது சேர்ந்ததும் கட்டும், அடியை வெட்டும். சவரிநாதன் அந்த யார்டுக்கு வர மாட்டேன் என்றார். காரணம், பெனிட்டோ அவருடைய ஞானப்பிள்ளை.

துறைமுகத்தில் சவரிநாதனுக்கு பிராங்கிளின் என்று ஒரு தோஸ்து. பிராங்கிளினுக்குப் பிள்ளை பிறந்தபோது, ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் சவரிநாதன். பிள்ளைக்கு ஒன்பது வயதில் பிராங்கிளின் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு பெனிட்டோவுக்கு அப்பா என்றால் இவர்தான். சவரிநாதனுக்கும் அவர் மனைவி இருதயம்மாளுக்கும் குழந்தை இல்லை. அவன் இவரை நைனா என்பான், அந்த அம்மாவை யம்மா என்பான். இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. செப்டம்பர் மாதம் மாதா திருநாளில் தேர் தெருச் சுற்றும்போது இருவரும் தேரைத் தாங்குகிற ஒரே கம்பைத்தான் தோளில் வைப்பார்கள், முன்னால் இவர், பின்னால் அவன்.

நம்ம புள்ள யார்டில் பார்த்தால் ஊர் நாலு விதமாகப் பேசும், வேண்டாம் என்று சவரிநாதன் எவ்வளவோ சொன்னார். நான்தான் விடவில்லை. உங்கள் பிள்ளை என்றால் எனக்கு இன்னும் நல்லதுதானே, ஏமாற்ற மாட்டானே என்றேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. பிடிவாதம் பிடித்து இழுத்துப் போனது நான்.

பிள்ளையின் மெஷின் என்று அவர் கொஞ்சம்கூடத் தளர்த்தவில்லை. ஒரு நாள் முழுக்க மோட்டார், கியர், செயின், பிளேடு என்று பிரித்துப் பார்த்தார். எல்லாம் சரி. மறுநாள் பூப் போட்டு ஓட்டுவது என்று முடிவு. பூ நான் கொண்டுவருவதாகப் பேச்சு. அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. ஓசூர் லாரி மாதவரத்தில் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. சரக்கைக் காப்பாற்ற நான் மாதவரம் ஓடினேன். அங்கே நிற்கும்போது பெனிட்டோ போன் பண்ணினான். முந்தின நாள்தான் மாதா திருநாள், தேரில் வைத்த ரோஜா அறுநூறு இருக்கிறது, நீளக் காம்பு, ஓசூர்ப் பூதான், அதைப் போட்டு ஓட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். எனக்குப் பாரம் இறங்கியது. தாராளமாக ஓட்டு தம்பி என்றேன்.

நான் நனைந்த புடவையோடு யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அறுநூறு பூவையும் இரண்டு தடவை ஓட்டி முடித்திருந்தார்கள். முப்பது கட்டு, காகிதம் சுற்றி, மேஜைமேல் வரிசையாக இருந்தது. ஒரு மொட்டுகூட நசுங்கவில்லை. ஒரு கட்டைத் தூக்கி மோந்து பார்த்தேன். மாதா பூ, ஊதுவத்தி வாசனையும் சேர்ந்து வந்தது. சவரிநாதன் மெஷின் கதவைத் திறந்து உள்ளே நாணயத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்.

பெனிட்டோ என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "யக்கா, இத்தினி வருசத்துல நைனா என் மெஷினுக்குக் காசு வெச்சது இத்தான் மொத தபா. எனுக்கு இது போதும்."

அவன் கண் கலங்கியிருந்தது. சவரிநாதனுக்கும்தான். அவனுடைய அந்தக் கண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பணம் புரட்டி, ஐப்பசி பிறக்கும்போது குடோனில் மெஷினை இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, முதல் லோடு ரோஜாவைப் போட்டோம். பூவம்மா ஒவ்வொன்றாகக் காம்பைப் பட்டையில் கொடுத்தாள். ஐந்து பூ போனது. ஆறாவது பூ பாதி வழியில் ஒரு சுழல் சுழன்று, பக்கத் தகட்டில் மோதி, மொட்டு தனியாகத் தெறித்து விழுந்தது. ஒழுங்காகக் கொடுக்கக்கூடாதா என்று பூவம்மாவைத்தான் திட்டினேன். அப்புறம் நானே கொடுத்தேன். எனக்கும் அதேதான். ஒரு மணி நேரத்தில் தரையெல்லாம் தலை இல்லாத காம்பும் காம்பு இல்லாத தலையும். மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் கட்டியதைக் கொடுத்தனுப்பினேன். பக்தவச்சலம் போனில் கத்தவில்லை. ஒரு வாரம் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சவரிநாதனைக் கூப்பிட்டேன். வந்தார். ஓட்டச் சொல்லிப் பார்த்தார். நிறுத்தச் சொன்னார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ரப்பர் பட்டையை அழுத்தித் துடைத்தார். கைக்குட்டை கன்னங்கரேல் என்று ஆனது. மோந்து பார்த்தார். பிறகு நகத்தால் ரப்பரைக் கீறினார். மேல் பூச்சு உரிந்து, காய்ந்த ரப்பரில் ஊசி ஊசியாக வெடிப்பு தெரிந்தது.

"டயர் பாலிஷ்," என்றார். பழைய கார் விற்கிறவர்கள் தேய்ந்த டயரைப் புதுசாகக் காட்டப் பூசுவது. வெடிப்பில் முள் மாட்டுகிறது, காம்பு திரும்புகிறது, தலை முறிகிறது. அவ்வளவுதான் விஷயம். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவர், ரப்பரை மட்டும் கையால் தடவிப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார். பூப் போட்டு ஓட்டும்போது ரப்பரின் லட்சணம் தன்னால் தெரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு அறுநூறு பூவும் ஓடியதே, அது எப்படி என்றுதான் அவருக்குப் புரியவில்லை. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் பஸ் பிடிக்க நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். டோல்கேட்டில் டீக்கடை வாசலில் அவரை மறித்தேன். அதுவரை நான் அவரை நீங்கள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"உன் புள்ள பொழைக்கணும்னு என் ஒம்போது பொம்பளைங்க வயித்துல அடிச்சியா? எவ்ளோ கமிஷன் குடுத்தான்? காசு ஒட்டுறேன், காது வெச்சுக் கேக்குறேன்னு யார் காதுல பூ சுத்திகினு கீற? திருட்டு வேலைக்கு இம்மாம் டிராமாவா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அதில் இரண்டு பேர் யார்டுக்காரர்கள். சவரிநாதன் என்னைப் பார்க்கவில்லை, தன் பெட்டியைப் பார்த்தார். "எனுக்கு ஒரு நாளு டைம் குடும்மா," என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அன்று யார்டில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இருதயம்மாள் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பெனிட்டோ பயப்படவே இல்லையாம். நாற்காலி இழுத்துப் போட்டு இவரை உட்கார வைத்துவிட்டு, சாவகாசமாகக் கேட்டிருக்கிறான். "நைனா, நீ சரக்கு போட்டு ஓட்டிப் பாத்தியா இல்லியா? உன் கண்ணெதிர்ல ஓடுச்சா இல்லியா? நான் எதுனா ஒரு பொய் சொன்னனா?"

சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஒரு வார்த்தைகூட அவன் பொய் சொல்லவில்லை. ரோஜா ஓசூர் ரோஜாதான், நீளக் காம்புதான், தேர்ப் பூதான். சவரிநாதன் எழுந்து வந்துவிட்டார். வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தவரிடம் அக்கா என்ன ஏது என்று கேட்டிருக்கிறார். இவர் சொல்லச் சொல்ல, வேறு பூ எதுவும் போட்டு ஓட்டவில்லையா என்று கேட்டிருக்கிறார். மாதா தேர்ப் பூ மட்டும்தான் என்று இவர் சொன்னதும், அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம்.

அவர்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருநாளுக்கு முந்தின மத்தியானம், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் முப்பது நாற்பது பெண்கள் உட்கார்ந்து, சாக்குத் துணியை மடித்துப் பிடித்து, தேருக்கு வைக்கிற ஒவ்வொரு ரோஜாவிலும் முள்ளை உருவி எடுப்பார்கள். தேர் சுற்றி வந்த பிறகு அந்தப் பூ வீடு வீடாகப் போகும். கைக்குழந்தையின் கண்ணில் ஒற்றுவார்கள், நோயாளியின் தலையணையில் வைப்பார்கள். அதில் முள் இருக்கக் கூடாது. ஆம்பளைகள் அந்த ஹால் பக்கம் போக மாட்டார்கள். அவர்களுக்குக் கம்பு, கயிறு, லைட்டு என்று வேறு வேலை. நாற்பது வருடம் தேரைத் தோளில் சுமந்தவருக்கு, அந்தப் பூவில் முள் கிடையாது என்பதே தெரியாது. ஒவ்வொரு வருடமும் முள் எடுக்கிற பெண்களுக்கு முன்னால் நிற்பவர் அவர் மனைவி.

பெனிட்டோவுக்குத் தெரியும். அவன் அம்மா ஜானட், புருஷன் போன பிறகு, பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல் அந்த ஹாலுக்குக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். அவனும் முள் எடுத்திருக்கிறான். மழை வராமல், என் லாரி நேரத்துக்கு வந்திருந்தால்கூட அவன் வேறு ஏதாவது சொல்லி இந்தப் பூவைத்தான் போட வைத்திருப்பான் என்று அக்கா சொன்னார். திருநாள் அன்றே அவரிடம் வந்து, நைனாவுக்கு மெஷின் பார்க்கப் பூ வேண்டும் யம்மா என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். தேரிலிருந்து இறக்கித் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தது அக்காதான்.

நான் மட்டும் என்ன, அன்று அந்தக் கட்டைக் கையில் பிடித்தேனே. காகிதத்துக்கு வெளியே நீண்ட காம்பு என் உள்ளங்கையில் வழுவழுவென்று இருந்ததே. இருபது வருடம் ரோஜா பிடித்துக் காய்த்துப்போன கை. குத்தவில்லை என்பது உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் குடோனுக்கு வந்தார்கள். அக்கா கையில் ஒரு கட்டுச் சாக்குத் துணி. சவரிநாதன் பெனிட்டோ பேரையே எடுக்கவில்லை. முள் இல்லாத பூ இந்த மெஷினில் ஓடும், வேறு பட்டை கிடைக்கும்வரை நாங்கள் முள் எடுத்துத் தருகிறோம் என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், மெஷினால் கை ஒழிந்த எங்கள் பெண்கள் நாலு பேரும் கூடச் சேர்ந்தார்கள். எடுத்துக் கொடுத்த பூவைப் போட்டோம். ஓடியது. சாயங்காலம் ஐந்துக்கு மூவாயிரம் போனது.

பட்டை கிடைக்கவில்லை. அந்த மாடலே நின்றுவிட்டதாம். திருவொற்றியூர் ரப்பர் கடையில் ஒன்று வெட்டி மாட்டிப் பார்த்தார், வழுக்கியது. அதனால் தினமும் வந்தார்கள். ஐப்பசி முழுக்க, கார்த்திகையிலும். அக்காவின் கை பறக்கும். இவருக்கு வராது, விரலெல்லாம் கிழியும். அக்கா அவரைச் சும்மா விட மாட்டார். கிரேனையே பிரித்து மாட்டின மனுஷனுக்கு ஒரு காம்புக்கு ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் ஆகிறதே என்று கேலி செய்வார். பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். என்னைப் பார்த்து மட்டும் சிரித்ததில்லை.

பக்தவச்சலத்துக்கு முள் எடுத்த பூ ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. அலங்காரம் பண்ணுகிற பையன்கள் கையில் குத்துவதில்லையாம். சீசன் எங்களுக்கே என்றார். குடோன் தப்பியது. ஒன்பது பேரும் தப்பினார்கள்.

இரண்டாவது வாரத்தில், சவரிநாதன் கை கழுவப் போன நேரத்தில், அக்கா எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். வெளியே சொல்லிவிடாதே, பிராங்கிளின் பிள்ளை, அவர் வாயால் அவனைக் காட்டிக் கொடுக்க மாட்டார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நிமிஷமே நான் எழுந்து போய் அந்த மனுஷரிடம் தப்பு என் பேரில் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் நாள் கூச்சம். அடுத்த நாள், இவ்வளவு நேரம் கழித்து எப்படிச் சொல்வது என்ற யோசனை. மூன்றாவது நாள் வந்தது என்னவென்று மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு பேர் கூலி வாங்காமல் வேலை செய்கிறார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டால், கடன் தீர்ந்த மாதிரி எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்தேன். பெனிட்டோ செய்ததற்குத் துரோகம் என்று பெயர் வைத்தோம். இதற்கு என்ன பெயர் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அதற்குள் நான் டோல்கேட்டில் பேசிய பேச்சு எண்ணூர் வரைக்கும் போய்விட்டிருந்தது. ஒருநாளைக்கு நாலு தடவை அடிக்கிற அவர் போன் அடிப்பதே இல்லை. முள் எடுத்துக்கொண்டே இடையில் ஒரு தடவை போனை எடுத்துப் பார்ப்பார், திரும்ப வைப்பார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம் பெனிட்டோ குடோனுக்கு வந்தான். கூடவே மஹீன் என்று ஒருவர். செங்குன்றத்தில் புதிதாகப் பூத் தொழில் ஆரம்பிக்கப் போகிறவர். உள்ளே மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பெனிட்டோ வாசலிலேயே நின்று காட்டினான்.

"பாத்தீங்களா பாய், இத்தோட ஜோடி மெஷின்தான் நம்ம கையில கீது. நைனா பாத்துக் குடுத்தது. அவரே இங்க ஒக்காந்துகினு கீறாரு, கேட்டுக்கோங்க."

இந்த மனுஷர் இரண்டு மாதமாக விரல் கிழிய உட்கார்ந்து அவன் பண்ணிய வேலையை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறார், அவன் அதையே விளம்பரமாகக் காட்ட ஆளைக் கூட்டி வந்துவிட்டான். மஹீன் சவரிநாதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டார். உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன் ஐயா, கெட்டதும் கேள்விப்பட்டேன், ஆனால் மெஷின் ஓடுகிறதே, நான் வாங்கலாமா என்று கேட்டார்.

சவரிநாதன் பெனிட்டோவை நிமிர்ந்து பார்த்தார். அவன் சிரித்தபடி நின்றான். நைனா காட்டிக் கொடுக்க மாட்டார் என்ற நம்பிக்கை அந்தச் சிரிப்பில் இருந்தது. இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முள் எடுக்காத பக்கெட்டிலிருந்து ஒரு ரோஜாவை உருவி மெஷினில் கொடுத்தார். பாதி வழியில் தலை முறிந்து விழுந்தது. இன்னொன்று கொடுத்தார். அதுவும் விழுந்தது. மூன்றாவதை மஹீன் கையில் கொடுத்தார். மஹீன் தானே வைத்துப் பார்த்தார்.

பிறகு சவரிநாதன் மெஷினை நிறுத்தினார். கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த டேப்பை உரித்து, ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார்.

பெனிட்டோவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நைனா, வேணாம்," என்றான்.

"இது என் காசு," என்றார் சவரிநாதன். "இதுல இருக்கக் கூடாது."

மஹீன் அவர் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெனிட்டோ போகவில்லை. எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். எங்கப்பன் உயிரோட இருந்திருந்தா இப்டி பண்ணிருக்க மாட்டான் என்றான். சவரிநாதன் முகம் தொங்கிப் போனது. பதில் சொன்னது இருதயம்மாள் அக்கா. சாக்குத் துணியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உங்கப்பன் இருந்திருந்தா அன்னிக்கே பண்ணிருப்பான். இவுருதான் ரெண்டு மாசம் லேட்டு."

அவன் போய்விட்டான். சவரிநாதன் உட்கார்ந்து, மீதி இருந்த பக்கெட்டையும் முள் எடுத்து முடித்தார். கை கழுவினார். மறுநாள் இருவரும் வரவில்லை.

அதற்கு மறுநாள் நான் ராயபுரம் போனேன். கோயிலுக்குப் பின் சந்தில் மாடி வீடு. தகரப் பெட்டியைத் திறந்து வைத்து, ஸ்குரூ டிரைவருக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, அன்றைக்கு நான் பேசியது தப்பு அண்ணா, எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன் என்றேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

கடைசிவரை கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"டோல்கேட்டுல பத்து பேரு இருக்க சொல்ல கேட்டே. இங்க வந்து, ஆரும் இல்லாதப்ப சொல்ற."

அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமலே எழுந்து வந்தேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு அதே டீக்கடைக்குப் போய் நின்றேன். அன்று இருந்த ஆட்கள் யாரும் இல்லை. இருந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னேன். யார் சவரிநாதன், என்ன கமிஷன் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சிரித்தான். அடுத்த நாளும் போனேன். தப்பாகச் சொன்னது ஒரே நாளில் எண்ணூர் போய்ச் சேர்ந்தது. சரியாகச் சொல்வதைத் தெரு முனைவரை கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது மணலி, திருவொற்றியூர் யார்டுப் பக்கம் போனால், நாலு பேர் இருக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள். சவரிநாதன் யாரிடமும் கமிஷன் வாங்கியதில்லை. வாங்கினார் என்று சொன்னவள் கார்குழலி. அவள் சொன்னது பொய்.